நின்னு நின்னு வருதும்மா

மரக்காணத்தில் ஓர் உப்பளக் கம்பெனியின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சுனாமிக்கு அடுத்த ஆண்டு, வேலையிழந்த தொழிலாளர்களின் பெயர்களைப் பதிவு செய்ய என் மகளையும் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

அவள் அடிக்கும் ஒவ்வொரு வரியும் முன்னறையில் இருந்த சர்வருக்குப் போய்ப் பதிவான பிறகே அடுத்த வரிக்கு நகர முடியும். ஒருநாள் காலை வேலை தொடங்கியதும், "நின்னு நின்னு வருதும்மா," என்றாள். அடித்ததையெல்லாம் அவள் கணினியே நினைவகத்தில் வைத்திருந்து, மாலையில் மொத்தமாக சர்வருக்கு அனுப்பும்படி மாற்றிவிட்டேன். விரல் பட்டதும் திரையில் 'சேவ்' என்று காட்டியது. சிரித்தாள்.

எங்கள் ஆபீஸில் மழைமேகம் கண்டாலே வாட்ச்மேன் மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார். உப்புக்காற்று அரித்த வயர்கள் ஈரத்தில் பொறி கக்கும். கரண்ட் போனாலும் ஓடவைக்கும் பேட்டரி சர்வருக்கு மட்டும்தான். இவ்வளவும் தெரிந்த எனக்கு, கரண்ட் போனால் அவள் கணினியின் நினைவகத்தில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்று அன்று தோன்றவில்லை.

மதியம் மேகம் கூடியது, மெயின் இறங்கியது. மின்சாரம் வந்தபோது, காலையிலிருந்து அவள் அடித்த ஒரு பெயரும் சர்வரில் இல்லை.

"காலைலேர்ந்து இன்னாம்மா பண்ணிட்டிருந்த? கேம் ஆடுனியா?" என்றார் மேனேஜர்.

"சேவ் ஆயிடுச்சுன்னு காட்டுச்சு சார்," என்றவள் என்னைப் பார்த்தாள்.

வாய் திறந்திருந்தால் என் வேலை போயிருக்கும். வீட்டில் நிலையான சம்பளம் அது ஒன்றுதான். பேசாமல் நின்றேன்.

"நாளைலேர்ந்து வராதம்மா," என்றார் அவர்.

பஸ்ஸில் அவள் கேட்டாள்: "நீதானம்மா மாத்துன?"

"ஆமா" என்றேன். அதன்பிறகு அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

மறுநாளே பழையபடி மாற்றிவைத்தேன். இப்போது அந்த நாற்காலியில் வேறொரு பெண். "நின்னு நின்னு வருதுக்கா," என்கிறாள். "நிக்கட்டும்மா," என்று நகர்ந்துவிடுகிறேன். ஏன் என்று அவளிடமும் சொன்னதில்லை.