கட்டை மாற்றாத இடம்

முத்துப்பேட்டைக்குத் தெற்கே, அலையாத்திக் காட்டை ஒட்டிய கரையில் மணல் கிடையாது, சேறுதான். மணற்கரை உள்ள ஊர்களில் மாலையில் படகை இழுத்துக் கரையேற்றிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இங்கே அது நடவாது. இழுத்தால் படகு புதைந்துவிடும். ஆகவே ஆண்டு முழுவதும் படகுகள் உப்பு நீரிலேயே கட்டிக் கிடக்கும்.

அப்படிக் கிடக்கும் மரப்படகின் அடிக்கு அந்த நீரிலேயே இரண்டு பகைகள் உண்டு. ஒன்று கொட்டலசு. பலகையில் ஒட்டிக்கொண்டு, சுண்ணாம்புக் கூடு கட்டி, உடைந்த கண்ணாடிபோல் கூராக வளரும். அது கண்ணுக்குத் தெரிந்த பகை, சுரண்டி எடுத்துவிடலாம். மற்றது மரம் துளைக்கும் புழு. குண்டூசித் தலையளவு துளையில் நுழைந்து, உள்ளே போகப்போக விரல் பருமனுக்குக் குடைந்துகொண்டே போகும். வெளியிலிருந்து பார்ப்பவனுக்குப் பலகை பலகையாகவே தெரியும். ஒரு நாள் அது அப்பளம்போல் நொறுங்கும்.

இவ்விரண்டிடமிருந்தும் படகுகளைக் காப்பது பஞ்சநதத்தின் தொழில். வயது ஐம்பத்தெட்டு. பிறந்தது மன்னார்குடிக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில், தகப்பனார் வயற்கூலி. கடைமடைக்குத் தண்ணீர் வராமல் போன ஓர் ஆண்டில், இருபத்திரண்டு வயது இளைஞனாக, இந்தக் கரைக்கு ஒரு வண்டி வைக்கோல் கொண்டுவந்தார். படகுக்காரர்களுக்கு எதற்கு வைக்கோல் என்று அவருக்கு அப்போது தெரியாது. இறக்கிப் போட்டுவிட்டு நின்று பார்த்தார். வைக்கோலைத் திரியாக முறுக்கிக் கொளுத்தி, படகின் அடியில் காட்டி, ஈரத்தையும் புழுவையும் ஒருசேரப் போக்கினார்கள். வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, அவர் அங்கேயே தங்கிவிட்டார்.

முப்பத்தாறு ஆண்டுகளில் அவர் வேலையில் ஓர் ஒழுங்கு படிந்திருந்தது. அமாவாசைக்கோ பௌர்ணமிக்கோ நீர் உயர ஏறும்போது, படகை மிதக்கவிட்டுக் கரைமேட்டில் குறுக்காகப் போட்ட இரண்டு பனங்கட்டைகளின்மேல் கொண்டுவந்து நிறுத்துவார். நீர் வடிந்ததும் சுரண்டுவார், தீக்காட்டுவார், பலகை இடுக்குகளில் பஞ்சும் குங்கிலியமும் அடைப்பார், பிறகு முந்திரிக்கொட்டை எண்ணெயை இரண்டு பூச்சாகப் பூசுவார். அந்த எண்ணெய் கையில் பட்டால் தோல் உரியும். அவருடைய விரல்களில் ரேகை மழுங்கிப்போனதால், ரேஷன் கடை இயந்திரம் அவரை ஒருமுறைகூட ஒழுங்காக ஏற்றுக்கொண்டதில்லை.

எல்லாம் முடிந்த பிறகும் ஒரு வேலை மிஞ்சும். படகு எந்தக் கட்டைகளின்மேல் உட்கார்ந்திருக்கிறதோ, அந்த இடத்தில் தீயும் பட்டிருக்காது, எண்ணெயும் பட்டிருக்காது. ஆகவே எட்டுப் பேரைக் கூப்பிட்டுப் படகைத் தூக்கி, கட்டைகளை ஒரு முழம் தள்ளிப் போட்டு, விடுபட்ட இடத்துக்கும் தீக்காட்டி, பூசி, காயவிட வேண்டும். கட்டை மாற்றுவது என்று அதற்குப் பெயர். அதற்கு இரண்டு நாள் பிடிக்கும். பஞ்சநதம் கட்டை மாற்றாமல் ஒரு படகையும் இறக்கமாட்டார் என்பது அந்தக் கரையில் எல்லாரும் அறிந்தது.

சென்ற பங்குனியில் அவர் ஒரு படகை அப்படி இறக்கினார்.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, வாய்தான். டீக்கடையில் யாரோ, "பக்கத்து ஊருல ஃபைபர் படகுக்கு அடிப் பெயிண்ட் அடிக்கிறவன் வாரத்துக்கு ரெண்டு இறக்குறானாம். நம்ம அண்ணன் ஒரு படகைப் பெத்துப் போட பத்து மாசம் ஆவும்போல" என்று சொல்ல, கடையே சிரித்தது. பஞ்சநதத்துக்குச் சுருக்கென்றது. "இந்தப் பௌர்ணமிக்கு ஒரே தண்ணியில மூணு படகு இறக்கிக் காட்டுறேன். பாக்குறீங்களா?" என்றுவிட்டார்.

இரண்டு படகுகள் முறைப்படி முடிந்தன. மூன்றாவது, நண்டு பிடிக்கும் ரெத்தினத்தின் படகு. அதன் அடியில் ஒரு பழைய பலகையை எடுத்துவிட்டு, மூஸாவின் மரவாடியிலிருந்து வாங்கிய புது இலுப்பைப் பலகையைச் சேர்த்திருந்தார்கள். இரண்டாம் பூச்சு முடிந்தபோது பௌர்ணமிக்கு ஒரு நாள்தான் இருந்தது. கட்டை மாற்றினால் தண்ணீர் தவறும். தவறினால் படகு மேலும் பதினைந்து நாள் கரையில் கிடக்கும். டீக்கடையில் சொன்ன சொல் காற்றில் போகும். பஞ்சநதம் சேற்றில் மல்லாந்து படுத்து, கட்டைக்கும் பலகைக்கும் நடுவே தூரிகையின் நுனி எட்டிய மட்டும் பூசினார். எட்டாத இடம் ஒரு சாண் அகலம் இருந்தது. அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்தார்.

மறுநாள் மஞ்சள்நீர் தெளித்து, கற்பூரம் காட்டி, மூன்று படகுகளும் இறங்கின. ரெத்தினம் முதல் இனிப்பை அவர் கையில்தான் கொடுத்தான்.

ஐப்பசி இரண்டாம் வாரத்தில் ரெத்தினம் தனியாக நண்டு வலையை இழுத்துக்கொண்டிருந்தபோது, கால் ஊன்றிய இடத்தில் பலகை உள்வாங்கியது. முழங்கால்வரை கால் கீழே இறங்கிவிட்டது. உருவி எடுக்கையில் வெளிப்புறத்துக் கொட்டலசு கெண்டைச்சதையைக் கிழித்தது. இடுப்பளவு நீர்தான் என்பதால் உயிருக்கு ஒன்றுமில்லை. பதினோரு தையல். படகு அமிழ்ந்து, நான்கு பேர் கட்டி இழுத்துக் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

உடைந்தது புதுப்பலகை. பழைய பலகைகளெல்லாம் நன்றாக இருக்க, புதியது மட்டும் உளுத்திருந்ததால் ஊர் ஒரே முடிவுக்கு வந்தது: மரம் சொத்தை. ஆனால் பஞ்சநதம் உடைந்த ஓட்டையைப் பார்க்கவில்லை. அதற்கு இரண்டு முழம் தள்ளிப் பார்த்தார். அங்கே ஒரு சாண் அகலத்துக்கு, படகின் குறுக்கே ஒட்டுத் துணி தைத்ததுபோல், கொட்டலசு அடர்ந்து கிடந்தது. நகத்தால் ஒன்றைப் பெயர்த்தார். அடியில் குண்டூசித் துளைகள். பல ஆண்டு எண்ணெய் குடித்த பழைய பலகைகள் தாக்குப் பிடித்திருக்கின்றன. அந்த ஒரு சாணில் எண்ணெயே காணாத புதுமரத்தில் புழு நுழைந்து, நார் போன வழியே இரண்டு முழம் குடைந்திருக்கிறது. பெயர்த்த கூட்டைச் சேற்றில் போட்டு மிதித்தார்.

அன்று பிற்பகல் ரெத்தினத்தின் மைத்துனன் மரவாடி வாசலில் நின்று சத்தம் போட்டான். மூஸா கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு எழுந்தார். அறுபது வயதை எட்டியவர். மரத்தைத் தட்டிப் பார்த்தே உள்ளே பொந்து இருக்கிறதா என்று சொல்லக்கூடியவர் என்று பெயர். அவர் நேரே கரைக்கு வந்து படகைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பஞ்சநதத்திடம் கேட்டார்.

"நீதானே நெருப்புக் காட்டுனே, எண்ணெய் பூசுனே. அப்பவே மரத்துல ஏதும் கோளாறு கண்ணுல பட்டுச்சாப்பா?"

சுற்றிலும் ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

"மரத்துக்குள்ள என்ன இருக்குன்னு யாரு கண்டா பாய்?" என்றார் பஞ்சநதம்.

அது பொய்யன்று. உண்மையுமன்று. மூஸா தலையை ஆட்டிவிட்டு, "அதுவும் சரிதான்" என்று போய்விட்டார். அந்த இரண்டு சொற்கள்தான் பஞ்சநதத்தோடு வீட்டுக்கு வந்தன. சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்தன.

எட்டாம் நாள் பகல். அவர் மனைவி ராசம்மாள் குழம்புச் சட்டியை நகர்த்தி வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"ஏங்க, ஒரு வாரமா சோத்தைப் பெசஞ்சு பெசஞ்சு அப்படியே வச்சுட்டு எந்திரிக்கிறீங்க. குழம்புல ஏதும் குத்தமா?"

"குழம்புக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு."

"அந்தப் படகு விசயமா? ஆனா ஒண்ணுங்க, மூஸா பாய் அப்படி மரம் குடுக்குற ஆளு இல்ல. நம்ம வீட்டு வாசல் நெலை அவரு குடுத்ததுதானே? இருபது வருசம் ஆவுது. இதுல ஒரு எறும்பு ஓட்டை உண்டா?"

பஞ்சநதம் நிலையைப் பார்க்காமல் தட்டைப் பார்த்தார். ராசம்மாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"கட்டை மாத்துனீங்கள்ல?"

"மாத்தல."

"அப்ப இங்க உக்காந்து யாருக்குச் சோறு பெசையுறீங்க?" என்று தட்டை எடுத்துக்கொண்டு அவள் போய்விட்டாள்.

அன்றே போயிருக்கலாம். சட்டையைப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை போனார். மரவாடியில் ஆள் கூட்டம் இருந்தது. தனியாக இருக்கும்போது சொல்லலாம் என்று திரும்பினார். மறுநாள் தூறல். அதற்கடுத்த நாள் வெள்ளிக்கிழமை. பாய் தொழுகைக்குப் போயிருப்பார் என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார், மணி காலை ஒன்பதுதான் என்றாலும். அந்த இரண்டு நாளும் டீக்கடையில் உட்கார்ந்து டீ மட்டும் குடித்தார்.

பதினோராம் நாள் போனார். மூஸா தனியாக, மரம் அறுக்கும் வாள் பட்டறைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வா பஞ்சநதம். உக்காரு."

"உக்காரலை பாய். நின்னுட்டே சொல்லிடுறேன்." சொன்னார். டீக்கடைப் பேச்சில் தொடங்கி, பௌர்ணமித் தண்ணீர், எட்டாத ஒரு சாண், சேற்றில் மிதித்த கொட்டலசுக் கூடு என ஒன்றும் விடவில்லை. "உங்க மரத்துல ஒரு குத்தமும் இல்ல பாய். கட்டை மாத்தாத இடத்துலதான் புழு ஏறிச்சு. அன்னிக்கு நீங்க கேட்டப்பவே எனக்குத் தெரியும்."

மூஸா வாள் பட்டறையின் மேலிருந்த மரத்தூளைக் கையால் ஒரு பக்கமாகத் தள்ளினார். பிறகு அதை மறுபடி இந்தப் பக்கம் தள்ளினார்.

"அந்த இலுப்பைல மிச்சம் இருந்ததை என் மக வீட்டுக்கு நெலையா அறுத்து வச்சிருந்தேன். இழைச்சும் முடிச்சாச்சு. மரமே சொத்தைன்னு ஆனப்புறம், புள்ள வீட்டு வாசல்ல அதை நிறுத்த மனசு வரல. முந்தாநாள் துண்டு போட்டு டீக்கடைக்கு அனுப்பிட்டேன்." கையில் ஒட்டிய தூளைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "நீ ரெண்டு நாளாக் குடிச்ச டீ அதுலதான் கொதிச்சுது."

அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்வதுபோல் சொன்னார். பஞ்சநதத்துக்கு அதுதான் தாங்கவில்லை. திட்டியிருந்தால் குனிந்து வாங்கிக்கொண்டிருக்கலாம். எட்டாம் நாள் தெருமுனையிலிருந்து திரும்பாமல் இருந்திருந்தால் அந்த நிலை இருந்திருக்கும். இந்தக் கணக்கை மூஸா போட்டாரா என்று தெரியவில்லை; பஞ்சநதம் போட்டுவிட்டார்.

"எல்லாரு முன்னாடியும் சொல்லணும் பாய்."

"எனக்காக வேணாம்ப்பா."

"எனக்காகத்தான்."

அன்று மாலை டீக்கடையில், யார் முன்னால் வாய்விட்டாரோ அவர்கள் முன்னாலேயே எழுந்து நின்று சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. பாய்லருக்கு அடியில் செக்கச்செவேலென்று ஒரு துண்டு எரிந்துகொண்டிருந்தது. அதை அவர் பார்க்கவில்லை. பிறகு ரெத்தினத்தின் வீட்டுக்குப் போனார். அவன் கட்டுப்போட்ட காலை நீட்டிக் கட்டிலில் கிடந்தான்.

"பதினோரு தையல் அண்ணே" என்றான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு. "என் மச்சான் பாவம், பாய் வாசல்ல போயிக் கத்திட்டு வந்திருக்கான். அவனை நாளைக்கு அனுப்பி மன்னிப்புக் கேக்கச் சொல்றேன். உங்களை என்ன செய்யிறதுன்னுதான் தெரியல."

"படகை நானே சரி பண்ணித் தரேன். வேற ஆளு வேணும்னாலும் சொல்லு. கோவிச்சுக்க மாட்டேன்."

"கோவிச்சுக்கிற எடத்துல நீங்களா இருக்கீங்க?" என்று முதல்முறையாகக் குரலை உயர்த்தினான் ரெத்தினம். பிறகு தணிந்தான். "நீங்களே செய்யுங்க. கட்டை மாத்துறப்ப நானும் வருவேன்."

கார்த்திகையில், மழைக்கு நடுவே வெறித்த நாட்களில் அந்த வேலை நடந்தது. புதுப்பலகையை மூஸா கொடுத்தார், இம்முறை வேம்பு. கட்டை மாற்றும் நாளன்று எட்டுப் பேர் படகைத் தூக்கிப் பிடிக்க, ரெத்தினம் நொண்டிக்கொண்டு வந்து குனிந்து, கட்டை இருந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தான். அழைக்காமலே மூஸாவும் வந்து குடையோடு நின்றார். படகு இரண்டு நாள் காய்ந்தது. தண்ணீர் தவறிற்று. மேலும் பதினைந்து நாள் கரையில் இருந்து, அடுத்த நீரில்தான் இறங்கியது.

அதிலிருந்து, எந்தப் படகானாலும், கட்டை மாற்றிய பிறகு உடையவரைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொல்வது பஞ்சநதத்தின் வழக்கமாயிற்று. "உங்களை நம்பாமலா?" என்று சிலர் சங்கடப்படுவார்கள். "தொடுங்க, பரவாயில்ல" என்பார்.

தை மாதத்தில் மூஸாவின் மகள் புதுவீட்டுக்குக் குடிபோனாள். பஞ்சநதத்துக்கு அழைப்பு வந்தது. ராசம்மாள் அவரை முன்னே விட்டுப் பின்னே வந்தாள். வழியில் திரும்பிவிடுவார் என்ற ஐயம் அவளுக்கு. வாசல்வரை வந்தவர் நின்றுவிட்டார். எங்கிருந்தோ வாங்கி வந்த தேக்கு நிலை, பாலிஷ் மின்ன நின்றது.

உள்ளேயிருந்து மூஸா பார்த்துவிட்டார். "என்னப்பா வெளியிலயே நிக்கிற? இங்கயும் மாத்தியாச்சு, பயப்படாம உள்ள வா!"

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். ராசம்மாளும் சிரித்தாள். பஞ்சநதம் தோளை ஒடுக்கிக்கொண்டு, இரு பக்கமும் நிலையில் படாமல் உள்ளே போனார்.