மொட்டை போட்ட மறுநாள்

பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் திருத்தணி வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருகிற ஆள் பிரபாவதி. கண்டக்டர்களுக்கெல்லாம் அவள் வாய்க்குப் பயம். வீட்டில் தறிச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசியே வளர்ந்தவள், வேறு எப்படி இருப்பாள்? ஆனால் தான் டீச்சராக இருக்கும் சிறப்புக் குழந்தைகள் மையத்தின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டால் அவள் குரல் பாதியாகிவிடும். தணிகைவேலுக்குச் சத்தம் ஆகாது.

தணிகைவேலுக்கு எட்டு வயது, ஆட்டிசம் உள்ள பிள்ளை. யார் முகத்தையும் பார்க்க மாட்டான், யாரையும் கிட்டே அண்டவிட மாட்டான். அவனை இன்னொரு குழந்தையோடு விளையாட வைக்கப் பிரபாவதி பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. எந்த மாற்றமானாலும் அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவாள். பாயை வேறு மூலையில் விரிப்பதானால்கூட, முதல் நாளே அந்த மூலைக்குக் கூட்டிப்போய்க் காட்டுவாள். மாதக்கணக்கில் இப்படி மல்லுக்கட்டியதற்கு ஒருநாள் பலன் கிடைத்தது. கயல்விழி உருட்டிய பந்தை அவன் அவளிடமே திருப்பி உருட்டினான்.

கயல்விழி டவுன் சிண்ட்ரோம் உள்ள ஆறு வயதுப் பெண். இரட்டைச் சடை, ஓயாத சிரிப்பு. அவள் அப்பா ஜெகநாதன் மலைக்கோயிலுக்கு ஆட்டோ ஓட்டுகிறவர். "இத்தோட எந்தப் புள்ள கூட்டு சேரப்போவுது?" என்று சொல்லி, அவளை வாசலிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுவார். அன்றைக்கு ஏதோ நினைப்பில் உள்ளே எட்டிப் பார்த்தார். தன் பெண்ணோடு ஒரு பையன் பந்து விளையாடிக்கொண்டிருப்பதைக் கண்டு, அந்த மனிதர் தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"முருகன் கண்ண தொறந்துட்டாருண்ணா. ஆடிக் கிருத்திகைக்கு பாப்பாவுக்கு மொட்டை போட்டுடுங்க" என்றாள் பிரபாவதி. அவளுக்கும் தலைகால் புரியாத சந்தோஷம்.

திருத்தணியில் இதற்கெல்லாம் யாரும் யோசிப்பதில்லை. காய்ச்சல் விட்டால் மொட்டை, பரீட்சையில் தேறினால் மொட்டை. பாய் நகர்வதை முதல் நாளே சொல்கிற பிரபாவதிக்கும் அன்று புத்தி வேலை செய்யவில்லை.

கிருத்திகைக்கு மறுநாள் காலை. அப்பாவும் பெண்ணும் மொட்டைத் தலையில் சந்தனம் மின்ன ஆட்டோவிலிருந்து இறங்கினார்கள். தணிகைவேல் பந்தை மடியில் வைத்துக் காத்திருந்தான். கயல்விழி ஓடிவந்து எதிரே உட்கார்ந்தாள். அவனுக்கோ கயல்விழியின் இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பதாகப் பட்டது. இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினான். பெஞ்சுக் காலில் அவள் தலை மோதியது, சந்தனத்தின் மேல் ரத்தம் கசிந்தது.

அவள் அலறல் கேட்டு ஜெகநாதன் உள்ளே பாய்ந்து வந்தார்.

"இன்னா டீச்சர் இது? சாமிக்கு முடி குடுத்துட்டு வந்த தலையில ரத்தம் வருது!"

"அவனுக்கு அடையாளம் தெரியலண்ணா..."

"தெனம் கூட வெளையாடிகினு இருந்தவள தெரியலையா? இங்க ஒண்ணு அவன் இருக்கணும், இல்ல எம் பொண்ணு இருக்கணும். நான் இட்டுகினு போறேன்."

மூலையில் தணிகைவேல் காதைப் பொத்திக்கொண்டு கத்திக்கொண்டிருந்தான். சுவரோரம் உட்கார்ந்திருந்த அவன் அம்மா ஷோபனா எழுந்து அவன் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "நாங்களே போயிடுறோம் அக்கா. தொரத்தறது எங்களுக்குப் புதுசா இன்னா?" என்றாள்.

பிரபாவதி பஞ்சை எடுத்துக்கொண்டு கயல்விழியிடம் ஓடினாள். இவர்கள் இப்போது வாசலைத் தாண்டினால் அவ்வளவுதான். அந்தப் பையனுக்கு இனி யாரும் வாய்க்கப் போவதில்லை, இந்தப் பெண்ணும் பழையபடி வீட்டுக்குள் ஒற்றையாய் உட்கார வேண்டியதுதான். காயத்தைத் துடைத்தாள். நல்லவேளையாக ஆழமில்லை. பிறகு ஜெகநாதனுக்கு முன்னால் போய் நின்றாள்.

"மொட்டை போடச் சொன்னது நான்தாண்ணா. அவங்கிட்ட முன்னாடியே சொல்லி வெக்காதது என் தப்பு. ஒரே ஒரு வாட்டி ரெண்டு பேரையும் உட்கார வெச்சுப் பாக்கறேன். மறுபடியும் அடிச்சான்னா நானே பாப்பாவ உங்க ஆட்டோவுல ஏத்தி வுடறேன்."

ஜெகநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். "நான் இங்கயேதான் நிப்பேன்."

"ஆங், நில்லுங்க."

தணிகைவேல் கத்தி ஓயும்வரை காத்திருந்துவிட்டு, பிரபாவதி முதல் பாடத்திலிருந்து தொடங்கினாள். எதிரெதிரே உட்கார வைக்கவில்லை. இருவரையும் சுவரைப் பார்த்து அடுத்தடுத்து உட்கார வைத்து, ஆளுக்கொரு பந்து கொடுத்தாள். கயல்விழிக்குக் கோபத்தை வைத்துக்கொள்ளத் தெரியாது. பந்தைச் சுவரில் உருட்டினாள், அது திரும்பி வந்து காலில் இடித்ததும் கலகலவென்று சிரித்தாள்.

முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்த தணிகைவேலின் உடம்பு நின்றது. அவள் மறுபடி சிரித்தாள். அவன் மெல்லத் திரும்பிக் கையைத் தூக்கினான்.

ஜெகநாதன் முன்னால் பாய்ந்தார். பிரபாவதி அவர் சட்டைக் கையை எட்டிப் பிடித்தாள். பிடித்துவிட்டாளே தவிர அவளுக்கும் நிச்சயமில்லை. அவன் அடித்துவிட்டால்?

அவன் அடிக்கவில்லை. அந்தக் கை கயல்விழியின் தோளுக்கு மேல் போய் முதுகைத் தடவியது. இந்தப் பக்கம் தேடியது, அந்தப் பக்கம் தேடியது. ஒன்றும் அகப்படவில்லை. அவன் உதடு பிதுங்கியது. காதைப் பொத்தாமல், கத்தாமல், பொருள் தொலைத்த எந்தப் பிள்ளையையும் போலத் தேம்பி அழத் தொடங்கினான்.

"அவ சடைய தேடறான்க்கா" என்றாள் ஷோபனா. அவள் தோளிலிருந்த பை நழுவிக் கீழே விழுந்தது.

பிரபாவதியின் பிடிக்குள் ஜெகநாதனின் கை தளர்ந்தது. அவர் வந்து, அந்தப் பையனுக்குச் சற்றுத் தள்ளிப் பாயில் மண்டி போட்டு உட்கார்ந்தார். அவனைத் தொடவில்லை. குரலை மட்டும் பிரபாவதியைப் போலவே தாழ்த்திக்கொண்டார்.

"மொளைச்சிடும் நைனா, அழுவாத. பாப்பா எங்கயும் போவ மாட்டா. இங்கயேதான் இருப்பா."