சிவப்புத் துணி கட்டிய முளைக்குச்சிகள்

என் மாமனாரை நினைத்தாலே ஒரு கை நிறைய முளைக்குச்சிகளோடு அவர் நின்ற அந்தக் காலைதான் முதலில் வருகிறது. ஒவ்வொன்றின் நுனியிலும் சிவப்புத் துணி. கட்டி நட்டவள் நான், பிடுங்கியவர் அவர். சூளகிரிக்குப் பக்கத்தில், எங்கள் கேழ்வரகுக் கொல்லையின் நடுவில், ஊரே சுற்றி நிற்க அப்படி நின்றார்.

அப்போது நான் ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வரைபடம் போடும் வேலையில் இருந்தேன். நாள் முழுக்கப் பல்சக்கரம் வரைந்து அலுத்துப்போய், கோல்ஃப் மைதானம் வடிவமைக்கும் படிப்பில் ஆன்லைனில் சேர்ந்தேன். ஆசிரியர் வெளிநாட்டில், வகுப்பு என் செல்போனில். கோல்ஃப் பந்தைக் கையால் தொட்டுக்கூடப் பார்க்காதவள் மைதானம் கட்டப் போகிறாளாம் என்று என் கணவர் சிரிப்பார். சிரிக்கட்டும். ஒரு மேட்டைப் பார்த்தால் பந்து எந்தப் பக்கம் உருளும் என்று எனக்குத் தெரிந்தது. கடைசித் தேர்வுக்கு நிஜமான நிலத்தில் பந்து போகும் வழியைக் குச்சி நட்டுக் குறித்து, வீடியோவில் ஆசிரியருக்கு நடந்து காட்ட வேண்டும். தேறினால் பெங்களூரில் ஒரு வடிவமைப்பு அலுவலகத்தில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். மாமனாரிடம் கேட்டேன். "படிப்புக்குத்தானே, நட்டுக்கோம்மா" என்றார்.

தேர்வுக்கு முதல் நாள் மாலையே நட்டுவிட்டேன். பந்து போகும் வழி வரப்பைப் பார்த்து நிற்காது. பக்கத்துக் கொல்லைகளிலும் நாலைந்து குச்சிகள் இறங்கிவிட்டன. எங்கள் பக்கத்தில் அப்படிக் குச்சி முளைத்தால் ஒரே அர்த்தம்தான்: தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கப் போகிறார்கள். விடிந்ததும் கூட்டம் சேர்ந்துவிட்டது. "அளந்துட்டாங்கப்பா, நம்மளக் கேக்காமலே அளந்துட்டாங்க!" என்று ஒருவர் கத்தினார். தெலுங்கில் கேட்டார்கள், கன்னடத்தில் கேட்டார்கள், கேள்வி ஒன்றுதான். பக்கத்துக் கொல்லைக்காரப் பெண் மண்ணிலேயே உட்கார்ந்து அழுதாள். "உங்க வூட்டு ஆளே காட்டிக் குடுத்துட்டாங்களா?" என்று மாமனாரை நெருக்கினார்கள். நெருக்கியவர் கையில் மண்வெட்டி. ஆசிரியர் அழைக்கும் நேரமும் வந்துகொண்டிருந்தது.

மாமனார் குரலை உயர்த்தவில்லை. "எம்மருமவ படிப்புக்கு நட்டது. நெலம் எங்கியும் போவாது" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். அவர்கள் முழுதாக நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் அவர் வார்த்தைக்காகக் கலைந்து போனார்கள். அதன் பிறகு குச்சிகளை என்னிடம் நீட்டினார். "நம்ம கொல்லைல மட்டும் நட்டு, பரீட்சைய முடி."

எங்கள் வரப்புக்குள் மறுபடி நட்டுவிட்டு, போனைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். இத்தனை வரப்புகளை என்ன செய்வாய் என்று ஆசிரியர் கேட்டார். எல்லாவற்றையும் தட்டிச் சமப்படுத்திவிடலாம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவருக்குத் திருப்தி. பேசி முடித்துத் திரும்பினால் மாமனார் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"நெசமா கட்டுனா இதுக்கு எவ்ளோ நெலம் வேணும்மா?"

நான் கையை நீட்டிக் காட்டினேன். எங்கள் கொல்லை, அழுத பெண்ணின் கொல்லை, மாந்தோப்பு, அதற்கும் அப்பால் நெடுஞ்சாலை வரை. என் கை போன இடமெல்லாம் அவர் கண்ணும் போய் வந்தது.

"அப்ப அவங்க பயந்ததுல தப்பில்லியே" என்றார். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

தேறினேன். வேலையும் கிடைத்தது. அதில் எனக்குப் பெருமைதான், மறைக்க மாட்டேன். அவர் போன வருடம் காலமானார். இப்போது என் மேசைத் திரையில் ஒரு புது மைதானத்துக்கான நில வரைபடம் இருக்கிறது. எந்த ஊர் என்று வெளியே சொல்லக் கூடாது. ஒன்பதாவது குழி வரவேண்டிய இடத்தில் ஒரு சின்ன வட்டம், பக்கத்தில் 'கிணறு' என்று போட்டிருக்கிறது. அதற்குக் கீழே 'மூடப்படும்' என்று எழுத வேண்டியவள் நான். மற்ற எல்லாவற்றையும் காலையிலேயே எழுதி முடித்துவிட்டேன்.