பாக்குவெட்டியில் பாதி மாத்திரை

மாத்திரையை வெட்ட என் மனைவி எடுத்து வந்தது பாக்குவெட்டியை. சர்க்கரைப் பூச்சு பூசிய சின்ன மாத்திரை அது. பாக்குவெட்டி பட்டால் ஒருநாளும் சமமாகப் பிளக்காது.

"பெரிய பாதி இன்னைக்கு, சின்ன பாதி நாளைக்கு" என்பாள். "நாளைக்கு நீங்க மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டா சின்ன பாதியோட வேலைன்னு நெனச்சுக்கிறேன்."

அறுபதுகள் முடியும் சமயம். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் எனக்குக் குமாஸ்தா வேலை. சில வருஷங்களுக்கு முன்பு காரணமே இல்லாமல் ஒரு துக்கம் வந்து என்மேல் உட்கார்ந்துகொண்டது. வீட்டில் யாரும் சாகவில்லை, எதுவும் குறைந்துவிடவில்லை. காலையில் ஒர்க்‌ஷாப் சங்கு ஊதும். எழுந்து சட்டையை மாட்டத் தோன்றாது. அப்போது புதிதாக வந்திருந்த இந்த மாத்திரைதான் என்னை எழுப்பி, சைக்கிளில் ஏற்றி, மேஜை முன்னால் உட்கார வைத்தது. அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு.

ஆனால் வாய் காய்ந்துபோயிற்று. கண்ணும் காய்ந்துபோயிற்று. அந்த வருஷங்களில்தான் எங்கள் ஒரே மகளை நாக்பூரில் கட்டிக்கொடுத்தோம். ஜங்ஷனில் ரயில் நகர்ந்தபோது என் மனைவி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். நான் கூஜா ஏறிவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "உடம்பைப் பாத்துக்குங்கப்பா" என்று மகள்தான் எனக்குச் சொன்னாள். வீடு திரும்பி மோர்ச்சாதம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். அவள் போய்விட்டாள் என்பது தெரிந்தது, வலிக்கவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல, அவள் தாவணி காய்ந்த கொடியை, அவள் உட்கார்ந்து படித்த நாற்காலியைப் பார்த்துப் பார்த்து வந்தேன். பெற்ற பெண்ணுக்காக ஏங்க முடியவில்லையே என்பதுதான் அப்போது எனக்கிருந்த ஒரே ஏக்கம்.

இரண்டு வருஷம் பொறுத்து, மாத்திரையை விட்டுவிடலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். "விடலாம். ஆனா மெதுவாத்தான் விடணும்" என்றார். "பழையபடி ஆச்சுன்னா உடனே வந்துடுங்க."

அந்தக் கடைசி வார்த்தை எங்கள் இருவரையும் பிடித்துக்கொண்டது. பாதி மாத்திரையில் தூக்கம் கலைந்தது, வேர்த்தது, சட்டென்று திரும்பினால் தலை சுற்றியது. நான் பெருமூச்சு விட்டால் போதும், மனைவி கரண்டியோடு அடுப்படியிலிருந்து வந்துவிடுவாள்.

"என்னங்க, அதுவா?"

"இல்ல, கொட்டாவி."

எங்கள் வீட்டில் அந்த நோய்க்கு 'அது' என்பதுதான் பெயர்.

முதலில் திரும்பி வந்தது எச்சில். ஒருநாள் எலுமிச்சை நறுக்கும் வாசனைக்கு வாய் ஊறியது. சிறுபிள்ளைபோல அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஆடிப் பதினெட்டு வந்தது. பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனோம். அம்மா மண்டபப் படித்துறையில் கால் வைக்க இடமில்லை. காவிரி சிவப்பாக, படிகளை முழுங்கிக்கொண்டு போயிற்று. மனைவி விளக்கு விட்டு, மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு வந்தாள். ஓர் ஓரமாக உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தோம்.

சாப்பிடச் சாப்பிட, என் கை தானாக ஒரு வேலை செய்துகொண்டிருந்தது. சோற்றிலிருந்து வேர்க்கடலையைப் பொறுக்கி இலை ஓரத்தில் ஒதுக்கிக்கொண்டிருந்தது. இதே படித்துறையில் வருஷா வருஷம் செய்த வேலைதான். "உங்களுக்குத்தான் பல்லு ஆடுதேப்பா, கடலை எதுக்கு?" என்று என் இலையில் கைவிட்டு அள்ளிக்கொள்வாள் மகள். கடலை அப்படியே இருந்தது. அள்ள யாரும் இல்லை.

அவ்வளவு கூட்டத்தில், வாயில் சோற்றோடு அழுதேன்.

மனைவி பதறிப்போய் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு மாத்திரை. "வெட்டாததுதான். முழுசாப் போட்டுக்குங்க. நாளைக்கே டாக்டர்கிட்ட போயிடுவோம்."

"வேண்டாம். இது அது இல்ல."

"பின்ன என்ன?"

இலை ஓரத்தைக் காட்டினேன். சொல்வதற்குப் பயமாகவும் இருந்தது. 'அது' வேறு வேஷத்தில் வந்திருந்தால்? ஆனால் அதற்கு ஒருநாளும் முகம் இருந்ததில்லை. இதற்கு இருந்தது. மூக்குத்தியோடு, பக்கத்து இலையை எட்டிப் பார்க்கும் முகம்.

மனைவி கடலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ரெண்டு வருஷமா ஒத்தையா அழுது எனக்குச் சலிச்சுப்போச்சுங்க. இப்பத்தான் வர்றீங்களா?"

அவள் மாத்திரையை மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டாள். தூக்கிப் போடச் சொல்லும் தைரியம் எனக்கும் வரவில்லை. கடலையை இலைத் துண்டில் மடித்து எடுத்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது, பஸ் காவிரிப் பாலம் ஏறியதும் சொன்னாள்: "நாளைக்கு ஆபீஸ்ல நாக்பூருக்கு ரயில் பாஸ் கேட்டு எழுதிக் குடுங்க."

"மாத்திரை?"

"எடுத்துட்டுப் போவோம். பாக்குவெட்டியையும்தான்."