கம்பத்தடியில் தட்டிய முகவரி

நெல்லியாளம் பக்கத்து அந்தத் தேயிலை எஸ்டேட்டில் கலைமதியைத் தெரியாதவர் கிடையாது. அவளுக்குப் பயப்படாதவர்களும் குறைவுதான். கொழுந்து பறிக்கும் பெண்கள் கூட்டத்துக்கு மேஸ்திரியான இசக்கியம்மாவின் மகள் அவள். டிப்ளமோ முடித்து, பிறந்த எஸ்டேட்டின் ஆபீசிலேயே வைஃபை பார்க்கும் வேலைக்கு வந்தாள். இதெல்லாம் ஒரு வேலையா என்று தொழிலாளர் லயத்து வீடுகளில் சிரித்தவர்கள், யானை எச்சரிக்கை வந்தபிறகு வாயை மூடிக்கொண்டார்கள்.

அந்தப் பள்ளத்தில் எந்த டவரும் எட்டாது. அதனால் தேயிலைக் காட்டுக்குள் அங்கங்கே கம்பம் நட்டு வைஃபை பெட்டி மாட்டியிருந்தார்கள். மேட்டில் காவல் நிற்கும் கருணாகரன் யானையைப் பார்த்ததும் தன் போனில் பட்டனை அழுத்துவார். உடனே மேஸ்திரிகளின் போன்கள் அலறும். மற்றவர்களுக்கு இணைப்பு கிடையாது, கொடுத்தால் படம் பார்த்தே லைனை அடைத்துவிடுவார்கள். பறிக்கிற பெண்களோ தங்கள் போன்களைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி மேஸ்திரியின் பையில் போட்டுவிட்டுத்தான் செடிக்குள் இறங்குவார்கள். ஆக, ஒரு கூட்டத்தின் உயிருக்கே மேஸ்திரியின் போன் ஒன்றுதான் காவல்.

எந்தப் போன் உள்ளே வரலாம் என்று தீர்மானிப்பவள் கலைமதி. ஒவ்வொரு போனுக்கும் அதைச் செய்த தொழிற்சாலையிலேயே பொறித்த மேக் முகவரி உண்டு. அதைப் பதிந்தால் கதவு திறக்கும், இல்லையென்றால் திறக்காது. தெரியாத முகவரி எது வந்து தட்டினாலும் அவளுக்கு மூக்கு மேல் கோபம் வரும்.

போன வாரம் அம்மாவின் போன் உடைந்துபோக, அவளே புதுசு வாங்கிக் கொடுத்தாள். வழக்கம்போல அட்டைப்பெட்டியில் ஒட்டியிருந்த முகவரியைப் பார்த்துப் பதிந்துவைத்தாள். லைன் கிடைக்கவில்லை என்று இசக்கியம்மா சொன்னபோது, நீ எதையாவது அமுக்கித் தொலைத்திருப்பாய், கம்பத்துக்குக் கிட்டப் போய் நின்று அமுக்கு என்று எரிந்துவிழுந்தாள். ஊருக்கெல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பவளுக்குப் பெற்றவளிடம் மட்டும் பொறுமை வராது.

அன்று காலை மழையோடு மூடுபனியும் ஜன்னல்வரை வந்து நின்றது. ஓடைக்கரைக் கம்பத்தில் ஒரு தெரியாத முகவரி விடாமல் தட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நாளாகவே இதே தொல்லை. எந்தத் திருட்டுப் பயலோ என்று முணுமுணுத்தபடி, இனி தட்டவே முடியாதபடி அதை அடைத்துவிட்டு டீ குடிக்கப் போனாள்.

திரும்பி வந்தபோது கருணாகரனின் எச்சரிக்கை வந்திருந்தது. குட்டியோடு யானைக் கூட்டம் ஓடைப் பக்கம் இறங்குகிறது. திரையில் ஒவ்வொரு மேஸ்திரியின் பெயருக்கு எதிரிலும் பச்சை விளக்கு எரிந்தது, சேதி போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். இசக்கியம்மாவின் பெயருக்கு மட்டும் சிவப்பு.

அன்றைக்கு அம்மாவின் கூட்டத்துக்கு ஓடைக்கரையில்தான் பறிப்பு. இந்தப் பனியில் யானை கைக்கெட்டும் தூரத்தில் நின்றாலும் தெரியாது. ஜீப்பை அனுப்பச் சொல்லிக் கத்தினாள். ஜீப் மலையைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும்.

அப்போதுதான், தான் அடைத்த முகவரியைச் சரியாகப் பார்த்தாள். அதன் இரண்டாவது எழுத்தே சொல்லிவிட்டது, அது தொழிற்சாலை பொறித்ததல்ல, போன் தானாகப் புனைந்துகொண்டது. போகிற இடமெல்லாம் யாரும் நம்மைப் பின்தொடரக் கூடாதென்று புதுப் போன்கள் சொந்த முகவரியை மறைத்து வேறொன்றைக் காட்டும். இது அவள் படித்த பாடம்தான். முகவரியை நம்பாமல், நெட்வொர்க்கே போனுக்கு ஓர் அடையாளம் கொடுத்து அடுத்தமுறை அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் புதிய தரம் வந்திருப்பதும் தெரியும். எஸ்டேட் பெட்டிகள் பழசு, அவள் பழக்கமும் பழசு. அம்மாவின் புதுப் போனை அட்டைப்பெட்டியைப் பார்த்துப் பதிந்தது அவள்தானே.

அடைத்ததை எடுத்தாள். கேள்வி கேட்காமல் எல்லா முகவரிக்கும் கதவைத் திறந்துவிட்டாள். எச்சரிக்கையை மறுபடி அனுப்பினாள். விளக்கு சிவப்பாகவே இருந்தது. அந்தப் பக்கம் போன் தட்டினால்தானே உள்ளே வரமுடியும்? இத்தனை நாள் தொல்லை என்று திட்டியதை, இன்னொரு தரம் தட்டு, ஒரே ஒரு தரம் என்று வாய்விட்டுக் கெஞ்சினாள்.

தட்டியது. விளக்கு பச்சையானது.

மதியத்துக்குள் பெண்கள் எல்லோரும் ஆபீஸ் வாசலுக்கு வந்துசேர்ந்தார்கள். போன் அலறியதும் மேஸ்திரியம்மா கூப்பாடு போட்டு எங்களை ரோட்டுக்கு விரட்டினார், நாங்கள் ஏறின கையோடு யானைகள் அந்தச் செடிகளை மிதித்துக்கொண்டு போயின என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். கடைசியாக இசக்கியம்மா வந்தாள். உச்சி முதல் பாதம்வரை நனைந்திருந்தாள். மகள் அழுவதைப் பார்த்து அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"நீ சொன்ன மாதிரி தெனமும் கம்பத்துக்கிட்டப் போயி நின்னுதான் அமுக்குனேன். இன்னைக்கும் மழையில நின்னேன். உன் மிஷின்ல தெரியலையா பிள்ளை?"

"தெரிஞ்சுச்சும்மா," என்றாள் கலைமதி. "தெனமும் தெரிஞ்சுச்சு. நான்தான் திறக்கல."