மேட்டு பஸ்ஸும் என் புள்ளடியும்

இந்த சுவிஸ் நாட்டில் வாக்குச்சீட்டு தபாலில் வீடு தேடி வரும். வரிசை இல்லை, பொலிஸ் இல்லை, விரலில் மை பூச ஆளும் இல்லை. எழுபது வயதில் குடியுரிமை எடுத்த எனக்கு இங்கே இது முதல் தேர்தல், எங்கள் சிறு நகரத்தின் தலைவர் பதவிக்கு. நின்ற மூவருமே கட்சி சாராதவர்கள். சண்டையெல்லாம் பஸ்ஸைப் பற்றித்தான். புது ட்ராம் வந்துவிட்டது, மேட்டுக்குப் போகிற பஸ் காலியாக ஓடுகிறது, நிறுத்துவோம் என்றார் ஒருவர். கட்டாயம் ஓடவேண்டும் என்றார் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். மூன்றாமவர் இரண்டுக்கும் தலையாட்டினார். அந்த மேட்டு முதியோர் இல்லத்தில்தான் நினைவு தப்பிய என் மனைவி பவளம் இருக்கிறாள். நாளும் போய் மதியச் சோறு ஊட்டுகிறவன் நான். என் முழங்கால்களை வைத்துக்கொண்டு அந்த ஏற்றத்தில் நடந்து ஏற முடியாது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் ஆஸ்பத்திரிக் குசினியில் சட்டி கழுவத் தொடங்கி, பதினொரு பேரை வேலை வாங்குமளவுக்கு வந்தவன். வாக்குப் போட எனக்கு யார் சொல்லித்தர வேண்டும்? பெயர்கள் அச்சிட்ட தாளில் ஆசிரியையின் பெயருக்கு நேரே பெருக்கல் குறி மாதிரி வடிவான புள்ளடி ஒன்று போட்டு, உறையை ஒட்டி அனுப்பினேன். மேசையில் மிஞ்சிக் கிடந்த தாளை மகள் சுமதி எடுத்துப் பார்த்தாள். அதில் வெறும் கோடு மட்டும் இருந்தது.

“அப்பா, இதிலைதான் பேரைக் கையால எழுதி அனுப்போணும். மற்றது சும்மா பாக்கிறதுக்குத் தந்த தாள்.”

“நாப்பது வருசத்துக்கு முந்தியே புள்ளடி போட்டவன் நான்.”

“ஓம், அங்கை.”

என் வாக்கு செல்லாமல் போனது. நல்லகாலம், ஒருவருக்கும் பாதிக்கு மேல் விழவில்லை. இரண்டாம் சுற்று வந்தது. சாமான் பட்டியலைத் தவிர ஜெர்மனில் வேறெதுவும் எழுதியறியாத கை, பழைய பேப்பரில் அந்த நீண்ட பெயரை எழுதி எழுதிப் பழகியது. சொற்ப வாக்குகளில் ஆசிரியை வென்றார். என் வாக்கில்தான் வென்றார் என்று ட்ராம் தரிப்பில் கண்டவர்களுக்கெல்லாம் சொன்னேன்.

முடிவு வந்த அன்றே மேட்டுக்குப் போய், வோட்டுப் போட்டு பஸ்ஸை நிற்பாட்ட விடவில்லை என்று பவளத்திடம் சொன்னேன். என் பெயரையே மறந்தவள், இடக்கையைப் பிடித்துச் சின்னவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இஞ்சாருங்கோ, மை எங்கை? நீங்கள் வோட்டுப் போடேல்லை.”

கலியாணமான புதிதில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருவருமாகப் போய் வாக்குப் போட்டுவிட்டு, அந்த மையைக் கிழமைக்கணக்காக அழியவிடாமல் வைத்திருந்தவள். பெயர் எழுதிய பேனா சட்டைப்பையில் இருந்தது. நகத்தில் தேய்த்துக் காட்டினேன். தன் விரலையும் நீட்டினாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நாங்கள் இரண்டே பேர். எதிரே இருந்த சுவிஸ்கார மூதாட்டி என் விரலைப் பார்த்துவிட்டு, துடைக்கச் சொல்லி ஒரு டிஷ்யூவை நீட்டினார். டாங்கே என்று நன்றி சொல்லி வாங்கி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.