தேயிலைப் பெட்டித் தாளும் கறுப்பு டேப்பும்

எங்கள் அலுமாரியின் மேல்தட்டில், உங்கள் அம்மாவின் சாரிகளுக்குப் பின்னால், ஒரு பழைய இருமல் மாத்திரை டின் இருக்கிறது. அதற்குள் நெருப்புப்பெட்டி அளவில் ஒரு பச்சைத் தகடு. அதிலிருந்து சிவப்பும் கறுப்புமாகச் சில வயர்கள் அரைவிரல் நீளத்தில் அறுந்து நிற்கின்றன. ஒரு மூலையில் கறுப்பு டேப்போடு சேர்ந்து கொஞ்சம் வெள்ளித்தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. போன வாரம் சின்னவள் மாமாவின் பேஸ் கிட்டாரைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்க மூடியைக் கழற்றி, "அப்பா, பேட்டரிக்குக் குழி மட்டும் இருக்கு, உள்ளுக்கு ஒன்னுமே இல்ல. என்னா இருந்திச்சு இதுல?" என்று கேட்டாள். பிறகு போனில் நாலைந்து பிரீஆம்ப் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டி, "இதுல எத வாங்கிப் போடலாம்?" என்றாள். நான் தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குப் போகிறவன்போல எழுந்து போய்விட்டேன். வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். அண்ணனும் தங்கச்சியும் இரண்டு பேரும் வாசியுங்கள்.

உங்கள் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், புசல்லாவைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். வளைகுடாவில் ஒரு ஹோட்டல் பேண்டில் பேஸ் வாசித்துவிட்டு, நாட்டில் சண்டை மும்முரமாக நடந்துகொண்டிருந்த காலத்தில் கம்பளையில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். எல்லோரும் வெளியே போகப் பார்க்கிற நேரத்தில் அவர் உள்ளே வந்தார். கேட்டால், "அங்க எனக்குச் சண்டை பிடிக்க ஆளில்ல மச்சான்" என்பார். அவர் கொண்டுவந்தது இந்தக் கிட்டார். இது கம்பெனியில் குவியலாகச் செய்தது இல்லை. எங்கோ ஒரு நாட்டில் ஒரு மனிசன் தன் பட்டறையில் ஒவ்வொன்றாகக் கையால் இழைத்துச் செய்வதாம். நான் அப்போது டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை, சனி ஞாயிறில் கல்யாணங்களுக்குக் கொங்கா மேளம் தட்டப் போவேன். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவன். அதனால் இந்த விசயமெல்லாம் மாமா எனக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன். பிழை இருந்தால் அவருடைய பிழை.

கம்பிக்குக் கீழே இருக்கும் பிக்கப் என்பது காந்தத்தில் சுற்றிய செம்புக் கம்பி. அதிலிருந்து வருகிற சத்தம் மெலிசு, நீளமான வயரில் போய்ச் சேருவதற்குள் மங்கிப்போகும். அதற்காகக் கிட்டாரின் வயிற்றுக்குள்ளேயே ஒரு சின்னத் தகட்டை வைத்து, ஒன்பது வோல்ட் பேட்டரி கொடுத்து, சத்தத்தைப் புறப்படுகிற இடத்திலேயே தூக்கிவிடுகிறார்கள். அதுதான் பிரீஆம்ப். கனமும் கூர்மையும் இரண்டு குமிழில் விரலுக்குப் பக்கத்திலேயே கிடைக்கும். சில கிட்டார்களில் ஒரு சுவிட்ச் இருக்கும், பேட்டரி செத்தாலும் அதைத் தட்டிவிட்டு வாசிக்கலாம். இதில் அது இல்லை. பேட்டரி செத்தால் இது வெறும் கட்டை. மாமாவிடம் இரண்டு தகடுகள் இருந்தன. கிட்டாரோடு வந்தது ஒன்று, கூட வாசித்த நண்பன் கொடுத்தது மற்றது. மாறி மாறிப் பூட்டி என்னிடம் கருத்துக் கேட்பார். நண்பன் கொடுத்தது எனக்குப் பிடித்தது, கண்ணாடி மாதிரித் தெளிவு, பேட்டரியையும் குறைவாகத்தான் தின்னும். "இதுவே இருக்கட்டுமே மச்சான்" என்றேன். "இது வாத்தியார் பேசுற மாதிரி இருக்கு. மத்தது நம்ம ஆளுங்க பேசுற மாதிரி" என்று சொல்லி, பழையதையே திரும்பப் பூட்டினார்.

பூட்டியதிலிருந்து தொல்லைதான். கண்டிப் பக்கத்து மழையும் ஈரமும் அந்தத் தகட்டுக்கு ஒத்துவரவில்லை. முதலில் ஓர் இரைச்சல், டியூப் லைட்டைப் போட்டால் இன்னும் கூடும். மாமா புசல்லாவைக்குப் போய்ப் பழைய தேயிலைப் பெட்டி ஒன்றின் உள்பக்கத்து வெள்ளித்தாளை உரித்துக்கொண்டு வந்தார். தேயிலைக்கு ஈரம் படாமல் இருக்க ஒட்டுகிற தாள். அதைக் கிட்டாரின் குழிக்குள் சுற்றிவர ஒட்டி, ஒரு திருகாணியில் எர்த் வயரைச் சேர்த்து இறுக்கினார். இரைச்சல் நின்றது. "பாத்தியா, தோட்டத்து மருந்து" என்று ஒரு நாள் முழுக்கப் பெருமை அடித்தார். பிறகு பேட்டரி குழிக்குள் ஆடி ஆடிச் சத்தம் அறுந்தது. அதற்கு ஸ்பொஞ்சு வைத்து, நான் கடையிலிருந்து கொண்டுபோன கறுப்பு டேப்பால் உருண்டையாகச் சுற்றினார். அதற்குப் பிறகும் ஒரு கரகரப்பு மிச்சம் இருந்தது. வரும், போகும், ஏன் என்று தெரியாது. ஈர்க்குக் குச்சியால் ஒவ்வொரு மூட்டாகத் தட்டிப் பார்த்து, கடைசியில் வயர் சொருகுகிற இடம் என்று கண்டுபிடித்தார். பிளக்கைச் சொருகினால் அங்கே ஒரு சின்ன நாக்கு தொட்டு, பேட்டரியை உயிராக்க வேண்டும். அந்த நாக்கு தளர்ந்துவிட்டது. மாற்றுவதற்கு அந்த மாதிரி இங்கே கிடைக்கவில்லை. பிளக்கை ஒரு பக்கமாக நெருக்கினால் பாடும், விட்டால் ஊமை. அடிக்கடி திறக்க வேண்டியிருந்ததால் மூடிக்கு எல்லா ஆணியும் போடாமல் இரண்டோடு விட்டுவிட்டார்.

இப்போது யோசித்துப் பாருங்கள். வெள்ளித்தாள், சிவப்பு வயர், கறுப்பு வயர், கறுப்பு டேப்பில் சுற்றிய ஓர் உருண்டை, அரைகுறையாகப் பூட்டிய மூடி. கண்டியில் குண்டு வெடித்து, பேராதனை வீதி முழுக்கச் சோதனைச் சாவடி போட்டிருந்த காலம். இரண்டு தமிழ் ஆண்கள் அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறுகிறார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை. எங்களுக்கு அது சத்தம் திருத்திய வேலை.

அம்மாவுக்குத் தோன்றியது. கலவரத்தில் சின்னப் பிள்ளையாகத் தேயிலைச் செடிகளுக்குள் படுத்துக் கிடந்தவள் அவள். கதவை யாராவது தட்டினாலே முதலில் பெரியவனைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விடுவாள். அந்தச் சனிக்கிழமை காலையில், கண்டியில் ஒரு பெரிய ஹோட்டலில் பகல் கல்யாணத்துக்கு நாங்கள் கிளம்பும்போது, வாசலில் மறித்துக்கொண்டு நின்றாள். வாசிப்பு பிடித்தால் அந்த ஹோட்டல் பேண்டிலேயே மாமாவை நிரந்தரமாக எடுப்பதாகப் பேச்சு.

"அண்ணே, அந்த பேட்டரிய கழட்டி வச்சிட்டுப் போங்களேன்."

"கழட்டினா நான் கட்டையத்தான் தூக்கிட்டுப் போகணும் தங்கச்சி."

"கட்டையோட போனா வீடு வந்து சேருவீங்க."

"நான் என்னா சண்டைக்கா போறேன்? பொண்ணு மாப்பிள்ளைக்குத் தாளம் போடப் போறேன்" என்று அவள் தலையில் தட்டிவிட்டு நடந்தார். அவள் என்னைப் பார்த்தாள். நான் செருப்பைப் பார்த்தேன்.

பேராதனை வீதியில் கெட்டம்பேக்குக் கிட்டே பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். வழக்கம்தான். அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வரிசையில் நடக்க வேண்டும். எங்கள் பெயர்களைப் பார்த்ததும் தள்ளி நிற்கச் சொன்னார்கள், அதுவும் வழக்கம்தான். ஓர் இளம் சிப்பாய் கிட்டார் பெட்டியைத் திறக்கச் சொன்னான். மரத்தைத் தட்டிப் பார்த்தான். கவிழ்த்தான். இரண்டு ஆணி மட்டும் இருக்கிற மூடியைக் கண்டதும் அவன் முகம் மாறியது. மாமா, "நான் கழட்டித் தாறேன் சேர்" என்று சிங்களத்தில் சொல்லிக் கையை நீட்டினார். "கை மேலே" என்று கத்தினான். அவனே கத்தி முனையால் ஆணியைத் திருகினான். மூடி விழுந்தது.

அவன் பின்னால் பாய்ந்த பாய்ச்சலை நான் மறக்கவில்லை. துவக்கின் வாய் எங்கள் பக்கம் திரும்பியது. வரிசை கலைந்து சனம் ஓடியது, பஸ் சாரதி எங்களை விட்டுவிட்டு பஸ்ஸை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டான். மாமா இரண்டு கையையும் தூக்கியபடி அசையாமல் நின்றார். எனக்கு உங்கள் அம்மாவின் முகம்தான் தெரிந்தது, அவளிடம் யார் போய்ச் சொல்வார்கள் என்று. அந்த நாட்களில் இப்படிக் கூட்டிப்போனவர்களில் சிலரைப் பற்றிப் பிறகு கேட்கவே ஆள் இருக்கவில்லை.

ஒரு சார்ஜன்ட் மெதுவாக வந்தார். வயது போனவர். எட்ட நின்றே எட்டிப் பார்த்தார். "மொகத மே?" இது என்ன என்று கேட்டார்.

"சத்தத்துக்கு சேர். சத்தம் பெருசா வாறதுக்கு."

"அதுதான் பயம். எவ்வளவு பெரிய சத்தம்?" என்றார் சார்ஜன்ட். சிரிக்கவில்லை.

மாமா விளக்கினார், பிக்கப், தகடு, பேட்டரி என்று. கையைக் கீழே விடாமல் விளக்கினார். சார்ஜன்ட் வீதியோரத்தைப் பார்த்தார். பரிசு விழுகிற லொத்தர் டிக்கட் விற்கிறவனின் தள்ளுவண்டி, மேலே ஒரு ஹோர்ன் ஸ்பீக்கர், உள்ளே ஆம்ப், கார் பேட்டரி. ஆள் மதிலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தான். அவனைக் கூப்பிட்டு, வண்டியைக் கொண்டுவரச் சொன்னார். "என்னுடைய டிக்கட்டெல்லாம் பறந்தால் யார் தருவது சேர்?" என்று அழாக்குறையாகக் கேட்டுக்கொண்டே தள்ளிக்கொண்டு வந்தான். கையை மட்டும் நீட்டி வயரைக் கிட்டாரில் சொருகிவிட்டு மறுபடியும் மதிலுக்கே ஓடினான்.

"கஹப்பங்" என்றார் சார்ஜன்ட். வாசி என்றார்.

மாமா கையை மெல்ல இறக்கிக் கிட்டாரை எடுத்துக் கம்பியைத் தட்டினார். ஒன்றும் வரவில்லை. மறுபடி தட்டினார். கம்பி மரத்தில் படுகிற டக் டக் மட்டும். அந்தத் தளர்ந்த நாக்குதான் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் குழிக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் அந்தப் பையன் சுட்டுவிடுவான். சார்ஜன்டின் முகம் இறுகிக்கொண்டு வந்தது. மாமா மிகவும் மரியாதையாக, "சேர், யாராவது அந்த வயர் முனையக் கொஞ்சம் இடது பக்கம் நெருக்கிப் பிடிச்சாப் போதும்" என்றார்.

சார்ஜன்ட் சிப்பாயைப் பார்த்தார். சிப்பாய் சார்ஜன்டைப் பார்த்தான். இருபது வயதுகூட இருக்காது. துவக்கை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, முகத்தை மறுபக்கம் திருப்பிக் கண்ணை இறுக மூடி, மற்றக் கையை நீட்டி ஒரு விரலால் பிளக்கை நெருக்கினான்.

ஹோர்னிலிருந்து சத்தம் பிளந்துகொண்டு வந்தது. பேஸுக்கு ஹோர்ன் எந்தக் காலத்திலும் சரிவராது, சளி பிடித்த எருமை கத்துகிற மாதிரி இருந்தது. மாமா நிறுத்தாமல் கல்யாண ஆட்டத்துக்கு வாசிக்கிற ஒரு பைலாத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு வாசித்தார். கரகரவென்று அறுந்து அறுந்து வந்தது. ஒருமுறை பையனின் விரல் நழுவ, எல்லாம் சட்டென்று நிற்க, எல்லோருக்கும் தூக்கிவாரிப்போட்டது. "பிடி, பிடி" என்று சார்ஜன்டே சொன்னார். பிறகு லொத்தர்காரன் மதிலுக்கு மேலால் தலையை நீட்டி, "இந்தச் சத்தத்துக்கு ஒரு டிக்கட்டும் விற்காது" என்றான். தூரத்தில் நின்ற சனம் சிரித்தது.

சார்ஜன்ட் கையைக் காட்டி நிறுத்தினார். அடையாள அட்டைகளைத் திருப்பித் தரும்போது மாமாவிடம் தணிந்த குரலில் சொன்னார்: "இதைக் கழற்றி எறி. நாளைக்கு இங்கே நிற்கிறவன் பாட்டுக் கேட்கும் வரைக்கும் பொறுக்கமாட்டான்."

ஹோட்டலுக்கு நடந்தே போனோம். போனதும் அங்கே வேலை செய்கிற எலக்ட்ரீசியனிடம் ஈயம் பற்றவைக்கிற கம்பியைக் கேட்டு வாங்கி, குசினிப் பக்கத்து நடையில் குந்திக்கொண்டு, வயர்களை வெட்டித் தகட்டை வெளியே எடுத்தார். குமிழ், பேட்டரி, டேப், ஸ்பொஞ்சு, வெள்ளித்தாள், எல்லாம் வந்தது. பிக்கப்பை நேராகப் பிளக் சொருகுகிற இடத்தோடு சேர்த்துப் பற்றவைத்தார். நான்தான் கெஞ்சினேன். "மச்சான், இன்னைக்கு மட்டும் இருக்கட்டும். இன்னைக்குத்தானே ஒங்கள கேக்கப் போறாங்க."

"அந்தப் பையன் கை நடுங்கிச்சு மச்சான்" என்றார் அவர். "கரகரன்னு கேட்டிச்சே, அது நாக்கு இல்ல, அவன் விரலு. எவ்வளவு நடுங்குனான்னு எனக்குக் கம்பியில கேட்டிச்சு. அவ்வளவு பயந்தவன் மத்தக் கையில துவக்கு இருந்திச்சு. இனி இத வாசிச்சா எனக்கு அதுதான் கேக்கும்."

அன்றைக்கு அவரை வேலைக்கு எடுத்தார்கள். சத்தம் மங்கிப்போனது யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்தது. கொங்கா தட்டிக்கொண்டே பார்ப்பேன், பாட்டின் நடுவே அவர் விரல் இல்லாத குமிழைத் தேடும். சண்டை முடிந்தது, சாவடிகள் போயின. "இப்ப திரும்பப் பூட்டலாமே" என்று ஒருமுறை கேட்டேன். "கொஞ்சம் பாப்போம்" என்றார். பார்த்துக்கொண்டே இருந்தார். நெஞ்சு வலி வந்து அவர் போகும்வரை இது இப்படியே இருந்தது.

சின்னவளே, நீ கேட்டதற்கு வருகிறேன். உனக்கு எந்தச் சத்தம் பிடிக்கிறதோ அந்தத் தகட்டை வாங்கு. வாத்தியார் பேசுகிற மாதிரி இருந்தாலும் சரி. ஆனால் பேட்டரி இல்லாவிட்டாலும் பாடுகிற சுவிட்ச் இருக்கிறதா என்று பார். பேட்டரிக்கு வெளியிலிருந்தே விரலால் திறக்கிற பெட்டி வைத்துப் பூட்டு, யாராவது கேட்டால் உடனே திறந்து காட்டுகிற மாதிரி. மூடிக்கு எல்லா ஆணியும் போடு. இப்போது யார் கேட்கப் போகிறார்கள் என்று நீ சிரிப்பாய். சிரி. போன கிழமை கெட்டம்பேயைத் தாண்டி பஸ்ஸில் போனேன், அந்த இடத்தில் ஒருவர் ரம்புட்டான் விற்றுக்கொண்டிருந்தார். ஆனாலும் பஸ் வேகம் குறைந்ததும் என் கை தானாக அடையாள அட்டையைத் தேடியது.

டின்னில் இருக்கும் பழைய தகட்டை எடுத்துப் பார்க்கலாம், பூட்டிக்கூடப் பார்க்கலாம். நான் தடுக்கமாட்டேன். நீ கிட்டாரோடு வெளியே போகும்போது நானும் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வருவேன், ஏன் என்று மட்டும் கேட்காதே. கறுப்பு டேப் சுற்றாதே, மகள்.